மூபி சந்தாவா, திருவனந்தபுரம் ரயிலா?

அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டுவிட்டுக் கை காயும் முன்பே கேட்டான்: “மாமா, வருஷத்துக்கு ஒரு மூவாயிரம் ரூபா சினிமாவுக்குன்னு ஒதுக்கியிருக்கேன். வாரத்துக்கு ஒரு படம் பாக்க நேரம் இருக்கு. மூபி போடட்டுமா, இல்ல உங்ககூட திருவனந்தபுரம் வரட்டுமா?” மூபி என்பது சந்தா கட்டி உலகப் படங்கள் பார்க்கும் இணையத் தளம். திருவனந்தபுரம் என்று அவன் சொன்னது அங்கே நடக்கும் திரைப்பட விழாவை.

அவனுக்கு இந்தக் கிறுக்கு பிடிக்கக் காரணம் ‘கூழாங்கல்’. சோனி லிவ்வில் தற்செயலாகப் பார்த்திருக்கிறான். ஒண்ணேகால் மணி நேரம், ஒரு அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பார்த்து முடித்து இரண்டு நாள் வேறு எதுவும் பார்க்கத் தோன்றவில்லையாம். “இந்த மாதிரி படமெல்லாம் எங்க இருக்கு மாமா?” என்பதுதான் உண்மையான கேள்வி. சந்தா, ரயில் எல்லாம் அதற்கு அப்புறம்.

அவன் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தப் படத்தின் பயணத்திலேயே இருக்கிறது. வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. நம் வீட்டு டிவிக்கு அது வந்தது 2023 அக்டோபரில். மதுரைப் பக்கத்தில், நம் மொழியில் எடுத்த படம் நம் கைக்கு வந்துசேர இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அப்படியானால் பொலிவியாவிலோ செனகலிலோ எடுத்த படம் எப்போது வரும்? வரவே வராமலும் போகலாம். வந்தாலும் எந்த மூலையில் கிடக்கிறது என்று யாராவது விரல் நீட்டிச் சொல்ல வேண்டும். ஆகவே நான் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுவேன்: இங்கே நமக்காகப் படத்தைத் தேர்ந்தெடுப்பது யார்? எத்தனை ஆயிரம் படம் இருக்கிறது என்பதல்ல. ஆயுள் முழுக்க வாரம் ஒன்று பார்த்தாலும் மூவாயிரத்தைத் தாண்டப் போவதில்லை.

முதலில் மூபி. துருக்கியில் பிறந்த எஃபே சாகரெல் 2007-இல் ‘தி ஆட்டர்ஸ்’ என்ற பெயரில் தொடங்கியது. 2010-இல் பெயர் மாறியது. ஒரு காலத்தில் அதன் அழகே அதன் கஞ்சத்தனம்தான். எந்த நேரத்திலும் முப்பது படம் மட்டுமே இருக்கும். தினம் ஒன்று உள்ளே வரும், முப்பது நாள் ஆன ஒன்று வெளியே போகும். இன்று பார்க்காவிட்டால் போச்சு என்ற பதற்றத்திலேயே நான் பல படங்களைப் பார்த்திருக்கிறேன். 2020-இல் நூலகத்தையே திறந்துவிட்டார்கள். படங்கள் பெருகின, என் பதற்றம் போனது, பார்ப்பதும் குறைந்தது. ‘பிறகு பார்க்க’ என்று சேர்த்து வைத்த பட்டியல் பரணில் வைத்த ஊறுகாய் ஜாடி மாதிரி ஊறிக்கொண்டே இருக்கிறது.

அப்படியும் மூபியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே படத்தைத் தேர்ந்தெடுப்பது மனிதர்கள். ஓர் இயக்குநரின் ஆறேழு படங்களை ஒரே மாதத்தில் வரிசையாக வைப்பார்கள். முதல் படத்தில் தடுமாறியவர் ஆறாவது படத்தில் எங்கே வந்து நின்றார் என்று பார்க்க முடியும். பெரிய ஓடிடிகளில் இது நடக்காது. அங்கும் நல்ல படங்கள் உண்டு, ஆனால் அந்த இயந்திரம் நீங்கள் நேற்றுப் பார்த்ததன் சாயலில்தான் இன்று நீட்டும். சாயலே இல்லாத ஒன்றைத் தேடுபவனுக்கு அதனால் என்ன பயன்?

மூபியில் இரண்டு சங்கடம். அயல்நாட்டு இதழில் ஒரு படம் அங்கே இருப்பதாகப் படித்துவிட்டு இங்கே தேடினால் கிடைக்காது. உரிமை நாட்டுக்கு நாடு வேறு. இரண்டாவது, இப்போது அவர்களே படத்தை வாங்கி வெளியிடும் நிறுவனமாகவும் ஆகிவிட்டார்கள். 2022-இல் ‘தி மேட்ச் ஃபேக்டரி’ என்ற ஜெர்மன் விற்பனை நிறுவனத்தை வாங்கினார்கள். 2024-இல் ‘தி சப்ஸ்டன்ஸ்’ அவர்கள் வழியாகத்தான் உலகமெங்கும் பேசப்பட்டது. நல்லதுதான். ஆனால் தான் வாங்கிய சரக்கைக் கடைக்காரர் முன்வரிசையில் அடுக்குவது இயல்பு. உள் அலமாரிக்கு நாமேதான் நடந்து போக வேண்டும்.

கிரைட்டீரியன் சேனல் பற்றியும் கேட்டான். அதுவும் ஒரு சந்தாத் தளம்தான். 2019-இல் வந்தது, அருமையான சேர்க்கை, அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும். டொராண்டோவில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் யோசிக்காமல் அதைப் போடலாம். நமக்கு அந்தப் பேச்சு இங்கேயே முடிந்தது.

இனி நான் உற்சாகமாகப் பேசக்கூடிய இடம், ஒரு பைசா செலவில்லாத இடம். யூடியூப்தான். சிரிக்க வேண்டாம். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தன் பழைய படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு அங்கே போட்டு வைத்திருக்கிறது. இன்றைய கொரியப் படங்களையும் தொடர்களையும் கரைத்துக் குடித்தவர்கள்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. யூ ஹியுன்-மோக் 1961-இல் எடுத்த ‘ஓபல்தன்’ என்ற படத்தில் தொடங்கச் சொன்னேன். இலக்கில்லாத தோட்டா என்று பொருள். போர் முடிந்த சியோலில் ஒரு குமாஸ்தாவுக்குப் பல்வலி, பிடுங்கக் காசில்லை. வீட்டில் புத்தி பேதலித்த அம்மா படுத்தபடியே “போகலாம், போகலாம்” என்று கத்திக்கொண்டிருக்கிறாள். அதே ஆண்டு வந்த ராணுவ ஆட்சி அந்தப் படத்துக்குத் தடை போட்டது. சான் பிரான்சிஸ்கோ விழாவுக்காக ஆங்கில சப்டைட்டில் பதித்து அனுப்பிய பிரதி தப்பியதால்தான் இன்று நாம் பார்க்க முடிகிறது. விழாக்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ரஷ்யாவின் மோஸ்ஃபிலிம் ஸ்டுடியோவும் அப்படியே. தார்க்கோவ்ஸ்கியின் பெயரைச் சொல்லாத உலக சினிமாக் கட்டுரை தமிழில் அபூர்வம். அவர் அங்கே எடுத்த படங்கள் அந்த ஸ்டுடியோவின் சொந்தச் சேனலிலேயே இருக்கின்றன. ஆனால் அவரைத் தேடிப் போனவர்கள் பக்கத்து அறையில் இருக்கும் லாரிசா ஷெபித்கோவைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். அவருடைய ‘தி அசென்ட்’ 1977-இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. இரண்டே ஆண்டில், 41 வயதில், கார் விபத்தில் போய்விட்டார். பனியில் இரண்டு போராளிகள் சோறு தேடிப் போகிறார்கள் என்று தொடங்கும் கதை. எங்கே போய் முடிகிறது என்பதைச் சொல்ல மாட்டேன். கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் தளத்தில் அனிமேஷனும் ஆவணப்படமும் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. ‘ல சினெமா கிளப்’ என்ற தளம் வாரத்துக்கு ஒரே ஒரு படத்தை இலவசமாகக் காட்டுகிறது, பெரும்பாலும் குறும்படம். பழைய மூபியின் கஞ்சத்தனத்தை விரும்பியவர்களுக்கு அது பிடிக்கும்.

இலவசத்தின் குறை என்னவென்றால், கையைப் பிடித்து அழைத்துப் போக ஆள் இல்லை. காப்பகம் எல்லாவற்றையும் போடும், நல்லதையும் சுமாரையும் சேர்த்தே. ஆகவே ஒரு பட்டியல் வேண்டும். பட்டியல் என்றதும் எல்லாரும் நீட்டுவது பிரிட்டிஷ் இதழான ‘சைட் அண்ட் சவுண்ட்’ 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் வாக்கெடுப்பை. 2022-இல் 1639 பேர் வாக்களித்தார்கள். ஷாந்தால் ஆகர்மான் 25 வயதில் எடுத்த ‘ழான் தீல்மன்’ முதலிடம்: 201 நிமிடம், பெரும்பகுதி ஒரு பெண் சமைப்பதும் துடைப்பதும் உருளைக்கிழங்கு உரிப்பதும். அதை முதல் படமாக யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அக்கா வீட்டில் போட்டால், “இதத்தானேடா நான் தெனமும் செய்யுறேன்” என்பாள். அந்தப் படத்துக்கு அதைவிட நல்ல விமர்சனம் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த நூறு படங்களை ஒருநாள் உட்கார்ந்து நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். இந்தியாவிலிருந்து ஒன்று, ‘பதேர் பாஞ்சாலி’, 35-ஆவது இடம். ஆப்பிரிக்க இயக்குநர்கள் இருவர், இருவரும் செனகல்காரர்கள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஆக, உலகப் பட்டியல் என்று நாம் நம்பியது பெரும்பாலும் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து போட்ட பந்தி. பந்தியில் குறை சொல்ல முடியாது, சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ‘அதிகம் தெரியாத படம்’ தேடுபவன் அங்கே போய் உட்காரக் கூடாது.

நியூசிலாந்தில் 2011-இல் தொடங்கிய லெட்டர்பாக்ஸ்ட், பார்த்த படங்களைப் பற்றி ரசிகர்களே எழுதும் தளம், இதற்கு நேர் எதிர். அங்கே யார் வேண்டுமானாலும் பட்டியல் போடலாம். “ஒரே அறைக்குள் நடக்கும் பால்கன் நாட்டுப் படங்கள்” என்ற அளவுக்குப் போவார்கள். மதிப்பெண் வரிசையில் தேடினால் ஏற்கெனவே தெரிந்த படங்கள்தான் மேலே வரும். வழி வேறு: நமக்குப் பிடித்த, பலர் பார்க்காத ஒரு படத்தை எடுத்து, அதற்கு உருகி எழுதியிருக்கும் ஒரு ஆளைப் பிடித்து, அந்த ஆள் வேறு என்ன பார்க்கிறார் என்று பின்தொடர வேண்டும். எனக்கு அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். முகம் தெரியாது, ருசி தெரியும்.

பலர் யோசிக்காத ஒரு பட்டியல் இருக்கிறது. படங்களைப் புதுப்பிப்பவர்களின் பட்டியல். அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி 2007-இல் தொடங்கிய உலக சினிமாத் திட்டம், அழிந்துகொண்டிருக்கும் படங்களை, அதுவும் பெரும்பாலும் ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து, தேடிப் புதுப்பிக்கிறது. ஒரு படத்தைக் காப்பாற்றப் பல மாத உழைப்பும் பெரும் பணமும் போடுகிறார்கள் என்றால், அதைவிடப் பெரிய சிபாரிசு ஏது? நடனக் கலைஞர் உதய் சங்கரின் ‘கல்பனா’ அந்தப் பட்டியலில் உண்டு. 1948-இல் வந்த அந்தப் படம் எடுக்கப்பட்டது நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில். மலையாள இயக்குநர் அரவிந்தனின் ‘கும்மாட்டி’யும் உண்டு. என் மனதில் நிற்பது ஈரானின் முகமது ரெஸா அஸ்லானி 1976-இல் எடுத்த ‘காற்றின் சதுரங்கம்’. தெஹ்ரான் விழாவில் திரையிட்டபோதே சொதப்பல். புரட்சிக்குப் பின் தடை. படமே தொலைந்துவிட்டது என்று எல்லாரும் கைகழுவியாயிற்று. 2014-இல் இயக்குநரின் மகன் பழைய சாமான் கடை ஒன்றில் படச்சுருளைக் கண்டெடுத்தார். 2020-இல் புதுப்பித்து வெளியே வந்தது. ஒரு பணக்கார வீடு, நடக்க முடியாத வாரிசுப் பெண், சொத்துக்காகச் சுற்றும் ஆண்கள், மெழுகுவர்த்தி வெளிச்சம். நாற்பது வருஷம் யாருமே பார்க்காத படம் எப்படி இவ்வளவு புதிதாக இருக்கிறது என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ரயிலுக்கு வருவோம்.

நாகர்கோவிலில் இருக்கும் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், திருவனந்தபுரம் இரண்டு மணி நேரத்துக்குள். 1996-இல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழா பெரும்பாலும் டிசம்பரில் அங்கேதான் நடக்கிறது. எட்டு நாள், பதினைந்து திரைகள் அளவில், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட படங்கள். டெலிகேட் பாஸ் சில ஆண்டுகளாக ஆயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும், மாணவர்களுக்கு ஏறக்குறைய பாதி. ஒருநாளைக்கு நாலு படம் என்று ஐந்து நாள் இருந்தாலும், ஒரு படத்துக்கு அறுபது ரூபாய்தான் விழும். சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்தால் கணக்கு மாறும். நான் ராத்திரி ரயிலில் வீட்டுக்கு வந்துவிட்டுக் காலையில் மறுபடி போன வருஷங்களும் உண்டு.

நான் அந்த விழாவை மற்ற விழாக்களுக்கு மேலே வைப்பதற்குக் காரணம் காசு அல்ல. அதன் போட்டிப் பிரிவு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டும். சைட் அண்ட் சவுண்ட் பந்தியில் இலை கிடைக்காதவர்களுக்கு இங்கே முதல் பந்தி. 2022 மார்ச்சில் விழாவின் முதல் பரிசான சுவர்ண சகோரம் கோஸ்டாரிக்காவின் ‘கிளாரா சோலா’வுக்கு, அதே ஆண்டு டிசம்பரில் பொலிவியாவின் ‘உத்தாமா’வுக்கு. கொரோனாவால் தள்ளிப்போனதால் ஒரே வருஷத்தில் இரண்டு விழா.

‘உத்தாமா’வில் கெச்சுவா மொழி பேசும் ஒரு கிழவனும் கிழவியும். மழை இல்லை. கிழவி தண்ணீருக்காக வாளியோடு நடக்கிறாள், கிழவன் லாமாக்களை ஓட்டிக்கொண்டு போகிறான், இருமுகிறான். நகரத்திலிருந்து பேரன் வந்து, எங்களோடு வந்துவிடுங்கள் என்கிறான். ராமநாதபுரத்துக்காரன் ஒருவன் பக்கத்து சீட்டில் இருந்திருந்தால் சப்டைட்டிலைப் பார்த்தே இருக்க மாட்டான். இந்தப் படத்தை நான் எந்தத் தளத்திலும் தேடியிருக்க மாட்டேன். பொலிவியா என்று தட்டச்சு செய்யவே எனக்குத் தோன்றியிருக்காது. அன்று நான் பார்க்கப் போனது வேறு ஒரு பெரிய பெயரின் படத்தை. வரிசை நீண்டுவிட்டது, உள்ளே விடவில்லை, கோபத்தில் பக்கத்துத் திரைக்குள் நுழைந்தேன். வீட்டில் இருந்திருந்தால் பெரிய பெயர்தான் ஓடியிருக்கும்.

இன்னொன்று, இருட்டில் மாட்டிக்கொள்ளும் பயன். வீட்டில் பத்தாவது நிமிடத்தில் போனை எடுத்துவிடுகிறோம். மெதுவான படத்துக்கு முதல் இருபது நிமிடம் நாம் பழகவே வேண்டும். தியேட்டரில் நடு வரிசையில் உட்கார்ந்துவிட்டால் எட்டுப் பேர் காலை மிதித்துக்கொண்டு எழுந்து போக வெட்கம். அந்த வெட்கத்தால் நான் முழுதாகப் பார்த்த நல்ல படங்கள் எத்தனையோ. (அதே வெட்கத்தால் பார்த்த மோசமான படங்களும் உண்டு. விழாப் படம் என்றாலே ஒசத்தி என்று யார் சொன்னார்கள்?) படம் முடிந்து தம்பானூர் கைரளி தியேட்டர் படிக்கட்டில் உட்கார்ந்தால், யாரோ ஒரு ஆட்டோக்காரரோ கல்லூரிப் பெண்ணோ, “அந்த ஈரான் படத்த விட்டுடாதீங்க” என்பார்கள். கிம் கி-டுக் என்ற கொரிய இயக்குநர் தன் ஊரைவிடக் கேரளத்தில் பிரபலம் என்று ஒரு பேச்சே உண்டு. 2013-இல் அவர் வந்தபோது சினிமா ஸ்டாருக்குக் கூடும் கூட்டம். பின்னாளில் அவர் மேல் எழுந்த பாலியல் புகார்களைப் படித்தபோது, அந்தக் கூட்டத்தில் நானும் நின்றது நினைவுக்கு வந்து நெளிந்தேன்.

விழாவின் குறைகளைச் சொல்லாவிட்டால் அக்கா மகன் என்னை நம்ப மாட்டான். முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் பிரபலமான படங்கள் நிரம்பிவிடும். மூன்றாம் நாளிலிருந்து எந்தப் படத்தில் எந்தக் காட்சி வந்தது என்று குழம்பும். ஒரு முறை துருக்கிப் படத்தின் கிழவனை ஜார்ஜியப் படத்துக்குள் கொண்டுபோய் வைத்து அரை மணி நேரம் ஒருவரிடம் விவாதித்திருக்கிறேன். அப்புறம் லீவு. எட்டு நாள் லீவு தரும் மேனேஜர் இன்னும் பிறக்கவில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதே டிசம்பரில் இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்தும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா உண்டு. அலுவலகம் முடிந்து சாயங்காலக் காட்சிக்குப் போகலாம் என்பது பெரிய வசதி. சிறிய ஊர்களில் இருப்பவர்களுக்கு ஃபிலிம் சொசைட்டி. 1959-இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு கூட்டமைப்பு தொடங்கிய காலத்தில் அதுதான் ஒரே வழி. அன்று பெட்டியில் வந்த படச்சுருள் இன்று பென்டிரைவாகிவிட்டது. கோவையில் ‘கோணங்கள்’ போன்ற சொசைட்டிகள் பல காலம் இயங்கியிருக்கின்றன. பல ஊர்களில் தமுஎகச என்ற முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத் தோழர்களும் திரையிடல் நடத்துவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, சுமாரான புரொஜெக்டர், நடுவில் கரண்ட் போகும். ஆனால் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, “சரி, யாருக்கு என்ன தோணுச்சு?” என்று கேட்பார்கள். இந்த ஒரு கேள்வியை எந்தச் செயலியும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

கதை சொல்லும் யூடியூப் சேனல்களைப் பற்றியும் அவன் கேட்டான். பத்து நிமிடத்தில் ஒரு கொரியப் படத்தைத் தமிழில் சொல்லி முடித்துவிடுகிறார்களே, அது போதாதா? த்ரில்லருக்குப் போதுமோ என்னவோ. ‘உத்தாமா’வின் கதையை மேலே நான்கு வரியில் நானே சொல்லிவிட்டேன். படம் அதில் இல்லை.

டெலிகிராம் பற்றி அவன் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பான். என் தலைமுறை உலக சினிமாவைப் பார்த்ததே சென்னை பர்மா பஜாரின் கள்ள டிவிடியில். ஆகவே உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் ஒரு டிவிடியை நீட்டி, “சார், இது ஈரான் படம், போன வாரம் ஒரு டைரக்டர் வாங்கிட்டுப் போனாரு” என்பார். அவரும் ஒரு தேர்வாளர்தான். டெலிகிராமில் கோப்பு இருக்கிறது, கடைக்காரர் இல்லை. தவிர, இந்தப் படங்களுக்கு வரும் காசே கொஞ்சம். வழி இருக்கும்போது கொடுத்துவிடுவது மரியாதை.

முடிவாக அவனுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறு, அதோடு ஒட்டி இரண்டு நாள் லீவு. பாஸுக்கும் ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் மூவாயிரத்தில் பெரும்பங்கு. தங்குவது பற்றிக் கவலை வேண்டாம், ராத்திரி ரயில் இருக்கிறது. மூபிக்கு ஆண்டுச் சந்தா வேண்டாம். வருஷத்தில் ஓரிரு மாதம் மட்டும், பிடித்த ஓர் இயக்குநரின் படங்கள் வரிசையாக வரும்போது போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். மீதி ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கொரியக் காப்பகமும் மோஸ்ஃபிலிமும் தாராளம். ஆனால் ஆங்கில சப்டைட்டில் ஓடும் வேகத்துக்குப் படிக்கச் சிரமம் என்றால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்: விழாவில் நிறுத்திப் படிக்க முடியாது, வீட்டில் முடியும். அப்படிப்பட்டவர்கள் முதல் வருஷம் சந்தாவே போடட்டும். சென்னையில் இருந்தாலும் ரயில் செலவு இல்லாததால் பாஸும் சந்தாவும் இரண்டுமே கைக்கு எட்டும்.

அவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய், அன்று ராத்திரியே மூபியில் ஒரு மாதம் போட்டுவிட்டான். மூன்று படம் தொடங்கி ஒன்றை முடித்திருக்கிறான். நேற்று ‘ஓபல்தன்’ பார்த்துவிட்டுப் போன் செய்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. “மாமா, அந்தம்மா ‘போகலாம் போகலாம்’னு சொல்லுதே, எங்க போறதுக்கு?” என்றான். தெரியாது என்றேன். டிசம்பர் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம்.